தொடக்கநிலை வகுப்புகளில் பெருக்கல் கற்பித்தல்: சமகுழு, தொடர்கூட்டல் அணுகுமுறையும் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கநிலை மாணவர்கள் பெருக்கல் வாய்பாட்டை மனப்பாடமாக ஒப்புவிப்பதும், அதே பெருக்கலைக் கோரும் வாழ்க்கைக் கணக்கில் தடுமாறுவதும் பரவலாகக் காணப்படும் முரண் ஆகும். பெருக்கலின் பொருள் உருவாகும் முன்னரே அதன் குறியீடும் வாய்பாடும் புகுத்தப்படுவது இம்முரணுக்கு முதன்மைக் காரணம் என இக்கட்டுரை கருதுகிறது. சமகுழு, தொடர்கூட்டல், நிரை-நிரல் அமைப்பு ஆகிய மூன்றும் பெருக்கலின் பொருளை எவ்வாறு கட்டமைக்கின்றன என்பதை இது விளக்குகிறது. தமிழ் எண்ணுப்பெயர்களின் அமைப்பிலும் எண்சுவடி மரபிலும் பெருக்கற் சிந்தனை உறைந்திருப்பதையும், தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் தொழில், விளைபொருள், விளையாட்டு ஆகியன அதற்குத் துணைநிற்பதையும் எடுத்துக்காட்டுகிறது. தொடர்கூட்டலின் எல்லை எதுவென்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெருக்கல், சமகுழு, தொடர்கூட்டல், எண்ணுப்பெயர், எண்சுவடி, கம்பம் பள்ளத்தாக்கு, எண்ணும் எழுத்தும்.

1. முன்னுரை

கூட்டல், கழித்தல் ஆகிய செயல்களைக் குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே ஓரளவு அறிந்திருக்கிறது. கையிலுள்ள பொருளோடு இன்னொன்று சேர்வதும், இருப்பதில் ஒன்று குறைவதும் அதன் அன்றாட அனுபவங்கள். பெருக்கல் அத்தகையதன்று. கூட்டலில் இடம்பெறும் இரண்டு எண்களும் ஒரே வகைப் பொருளைக் குறிப்பன. நான்கு மாங்காயும் மூன்று மாங்காயும் சேர்ந்தால் ஏழு மாங்காய். பெருக்கலிலோ ஓர் எண் குழுக்களின் எண்ணிக்கையையும் மற்றோர் எண் ஒவ்வொரு குழுவிலும் உள்ள பொருள்களின் எண்ணிக்கையையும் சுட்டும். மூன்று கூடை, கூடைக்கு நான்கு மாங்காய் என்னும்போது மூன்று என்பது மாங்காயின் எண்ணிக்கை அன்று. ஒரு கூட்டத்தையே ஓர் அலகாகக் கருதி எண்ணும் இந்தத் திறனே பெருக்கலின் நுழைவாயில்.

இந்நுழைவாயிலைக் கடவாமல் வாய்பாட்டிற்குள் செல்லும் மாணவர் 'நாலாறு இருபத்து நான்கு' எனப் பிழையின்றி ஒப்புவிப்பார். 'ஒரு கூடையில் 6 தேங்காய். 4 கூடையில் எத்தனை?' என்று வினவினால், 'கூட்டணுமா, பெருக்கணுமா?' என்று ஆசிரியரைத் திருப்பிக் கேட்பார். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பலருக்கும் பழக்கமான கேள்வி இது. செயலைச் செய்யத் தெரிந்தும் எங்குச் செய்வது எனத் தெரியாத நிலையை இக்கேள்வி காட்டுகிறது. இந்நிலை மூன்றாம் வகுப்பில் சரிசெய்யப்படாவிடில் வகுத்தல், பின்னம், பரப்பளவு, விகிதம் என அடுத்தடுத்த பாடங்கள் அனைத்தும் பொருளற்ற விதிகளாகிவிடும். ஆகவே பெருக்கலின் முதல் அறிமுகம் தொடக்கக் கல்வியின் முக்கியமான திருப்புமுனைகளுள் ஒன்று எனலாம்.

2. பெருக்கலின் பொருளைக் கட்டும் மூன்று வடிவங்கள்

பெருக்கலை அறிமுகப்படுத்த உலகெங்கும் மூன்று வடிவங்கள் கையாளப்படுகின்றன.

முதலாவது, சமகுழு. ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் பொருள்கள் அமைந்த குழுக்களைப் பார்த்தல், உருவாக்குதல், விவரித்தல் ஆகியன இதில் அடங்கும். இங்கு 'எத்தனை குழு?', 'குழுவுக்கு எத்தனை?', 'மொத்தம் எத்தனை?' என்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலிரண்டு வினாக்களையும் பிரித்தறிவதே இங்கு முதன்மையான கற்றல்.

இரண்டாவது, தொடர்கூட்டல். சமகுழுக்களின் மொத்தத்தைக் கண்டறியும் வழிமுறை இது. 4 + 4 + 4 = 12 என்பதை 3 × 4 = 12 எனச் சுருக்கி எழுதலாம் என்பது இதன் சாரம். சமகுழு என்பது சூழ்நிலை. தொடர்கூட்டல் என்பது அச்சூழ்நிலையில் விடை காணும் உத்தி. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படும்போதே பிற்காலச் சிக்கல்கள் தோன்றுகின்றன.

மூன்றாவது, நிரை-நிரல் அமைப்பு. பொருள்களைக் கிடைவரிசையிலும் செங்குத்து வரிசையிலும் சீராக அடுக்கும்போது ஒரே அடுக்கை இரு வகையில் சமகுழுக்களாகப் பார்க்க இயலும். பெருக்கலின் பரிமாற்றுப் பண்பு இங்குக் கண்ணுக்குப் புலப்படுகிறது.

கற்றல் முதலில் செயலாகவும், பின்னர் படமாகவும், இறுதியில் குறியீடாகவும் நிலைபெறுகிறது என்னும் ஜெரோம் புரூனரின் கருத்து இவ்வடிவங்களைப் படிநிலைப்படுத்த உதவுகிறது. பெருக்கல், வகுத்தல், விகிதம் ஆகியவற்றை ஒரே கருத்துப் புலத்தின் உறுப்புகளாகக் கண்ட பிரெஞ்சு அறிஞர் ஜெரார் வெர்ன்யோவின் ஆய்வும், ஒன்றுக்குப் பல எனப் பொருத்தும் செயலில் பெருக்கற் சிந்தனை வேர்கொள்கிறது என விளக்கிய தெரெசின்யா நூனிஸ், பீட்டர் பிரையன்ட் ஆகியோரின் ஆய்வும் இங்குக் கருதத்தக்கன.

3. தமிழ் எண்ணுப்பெயர்களில் உறைந்துள்ள பெருக்கல்

தமிழ்க் குழந்தைக்குப் பெருக்கல் முற்றிலும் புதியது அன்று. அதன் எண்ணுப்பெயர்களிலேயே சமகுழுச் சிந்தனை பொதிந்துள்ளது.

பதினெட்டு, எண்பது என்னும் இரு சொற்களை ஒப்பிடலாம். இரண்டிலும் பத்தும் எட்டும் உள்ளன. முன்னதில் பத்து முன்னும் எட்டு பின்னும் வருகின்றன, பொருள் கூட்டல். பின்னதில் எட்டு முன்னும் பத்து பின்னும் வருகின்றன. பொருள் பெருக்கல், அதாவது எட்டுப் பத்துகள். பதின்மூன்று-முப்பது, பதினான்கு-நாற்பது, பதினாறு-அறுபது ஆகிய இணைகளும் இவ்வாறே அமைகின்றன. பெரிய எண் முன்வரின் கூட்டல், சிறிய எண் அடையாகி முன்வரின் பெருக்கல் என்னும் விதியை எவரும் சொல்லிக்கொடுக்காமலேயே குழந்தை கையாள்கிறது. இருபத்து மூன்று என்னும் ஒரே சொல்லில் இரண்டு செயல்களும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியன இவ்வமைப்பிற்கு விலக்கு. ஐங்குறுநூறு என்பது ஐந்து நூறுகளையும், பதிற்றுப்பத்து என்பது பத்துப் பத்துகளையும் தம் பெயரிலேயே கொண்ட இலக்கியங்கள்.

வாய்பாட்டு வழக்கும் இதே அமைப்பினது. ஈரைந்து, மூவைந்து, நாலைந்து என்னும்போது முதலில் வருவது குழுக்களின் எண்ணிக்கை. அடுத்து வருவது குழுவின் அளவு. மூவைந்து என்றால் மூன்று ஐந்துகள் என்றே பொருள். இதனை வெற்றொலியாக ஒப்புவிக்கும் மாணவருக்கு அதனுள் இருக்கும் 'மூன்று', 'ஐந்து' ஆகிய இரண்டும் மறைந்துவிடுகின்றன. 'மூவைந்து' என்பதை 'மூன்று ஐந்துகள்' என விரித்துச் சொல்லவும், 'மூன்று ஐந்துகள்' என்பதை 'மூவைந்து' எனச் சுருக்கிச் சொல்லவும் பயிற்றினால் வாய்பாடு மீண்டும் பொருளுடைய தொடராகும்.

இரட்டித்த எண்ணுப்பெயர்களும் இங்குக் குறிப்பிடத்தக்கன. இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, பப்பத்து என எண்கள் இரட்டித்துப் புணரும் முறையை நன்னூல் உயிரீற்றுப் புணரியலில் விளக்குகிறது. 'மும்மூன்று கொடு' என்பது ஒவ்வொருவருக்கும் மூன்று எனப் பங்கிடுதலைக் குறிக்கும். 'மும்மூன்று ஒன்பது' என்பது வாய்பாடு. ஒரே வடிவம் சமமாகப் பங்கிடும் செயலையும் அதன் மொத்தத்தையும் சுட்டுவது, மொழியில் இவ்விரு கருத்துகளும் எத்துணை நெருங்கியவை என்பதைக் காட்டுகிறது. பேச்சு வழக்கில் 'ரெண்டு ரெண்டா', 'ஆளுக்கு மூணு', 'கூடைக்கு ஆறு' என்னும் தொடர்கள் இதே பணியைச் செய்கின்றன. இங்கு நான்காம் வேற்றுமை உருபு 'ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு' என்னும் வீதப் பொருளைத் தருகிறது. பின்னாளில் 'கிலோவுக்கு இவ்வளவு ரூபாய்', 'மணிக்கு இவ்வளவு கிலோமீட்டர்' எனக் கற்கவிருக்கும் விகிதச் சிந்தனையின் விதை இவ்வுருபிலேயே உள்ளது.

மொழி துணைசெய்வது போலவே இடறவும் செய்யும். 3 × 5 என்பதை மூன்று ஐந்துகள் எனக் கற்ற மாணவரிடம் '5-ஐ 3-ஆல் பெருக்குக' எனக் கூறும்போது குழுவின் அளவு முன்னும் குழுக்களின் எண்ணிக்கை பின்னும் இடம்மாறுகின்றன. தமிழகத்து வாய்பாட்டு வழக்கில் ஐந்தாம் வாய்பாடு 1 × 5, 2 × 5, 3 × 5 எனச் செல்லும். 5 × 1, 5 × 2, 5 × 3 எனச் செல்லும் வாய்பாடுகளும் பிற பாடத்திட்டங்களில் உள்ளன. விடை மாறாது எனினும், பொருளைக் கட்டிக்கொண்டிருக்கும் பருவத்தில் ஒரு வகுப்பறையில் ஒரே வாசிப்பு முறையைப் பின்பற்றுவது நன்று.

4. எண்சுவடி மரபும் மனப்பாடமும்

திண்ணைப்பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியன அடிப்படைக் கணிதப் பாடநூல்களாக விளங்கின. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும், நெல்லிலக்கம் முகத்தலளவைகளையும், எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளையும் பயிற்றின. இம்மரபை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபுவின் நூல் 2022-இல் வெளிவந்தது. அம்மரபில் நினைவாற்றல் வெற்று ஒப்புவித்தலாக அன்றிக் கற்றல் முறையாகவே இயங்கியது என்பது அவருடைய ஆய்வின் முக்கியக் கருத்து.

அந்நினைவுக்கு அடித்தளமாக இருந்தது அளவைகளின் உலகம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இவ்வளவைகள் ஒவ்வொன்றும் ஒரு சமகுழு. ஒரு கலத்திற்கு எத்தனை படி என்னும் வினா 12 × 8 = 96 என்னும் பெருக்கலே. களத்து மேட்டில் நெல் அளப்பதைக் கண்ட மாணவனுக்கு எட்டாம் வாய்பாடு மரக்காலின் வாய்பாடாக இருந்தது. ஆகவே மரபு மனப்பாடத்தை வலியுறுத்தியது என்பதைக் கொண்டு இன்று பொருளற்ற மனப்பாடத்தை நியாயப்படுத்த இயலாது. வாய்பாட்டைச் சூழ்ந்திருந்த அளவை உலகம் மறைந்து வாய்பாடு மட்டும் எஞ்சியதே இன்றைய நிலை. அவ்விடத்தை நிரப்பும் புதிய சூழல்களை வகுப்பறை கண்டறிய வேண்டும்.

5. கம்பம் பள்ளத்தாக்கில் சமகுழுக்கள்

தேனி மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து 1996-இல் பிரிக்கப்பட்டு உருவானது. அதன் தென்மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கு, 1895-இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் வளம்பெற்றது. நெல், வாழை, தென்னை, திராட்சை, வெற்றிலை எனப் பலவகைப் பயிர்கள் இங்கு விளைகின்றன. கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்திற்குப் பெயர்பெற்றது. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்பும் தொழிலாளர் குடும்பங்கள் இப்பகுதியில் மிகுதி. அக்குடும்பங்களில் கூலி, எடை, நாள்கணக்கு ஆகியன எழுத்தின்றி வாய்மொழியாகவே கணக்கிடப்படுவதுண்டு. பள்ளியின் கணக்கு வேறு, வீட்டின் கணக்கு வேறு எனக் குழந்தை எண்ணும் நிலையை மாற்றுவதற்கான வாய்ப்பு இங்கு உள்ளது.

5.1 இயற்கையாக அமைந்த சமகுழுக்கள்

ஏலக்காயை உரித்தால் உள்ளே மூன்று அறைகள் இருக்கும். ஐந்து ஏலக்காயில் எத்தனை அறைகள் என்பது 5 × 3. தேங்காய்க்கு மூன்று கண்கள். இலவங்காய் முற்றி வெடிக்கும்போது ஐந்து பிளவுகளாகப் பிரியும். மூன்று காய்க்குப் பதினைந்து பிளவுகள். வில்வ இலைக்கு மூன்று இதழ்கள். இவற்றைக் கையில் எடுத்து எண்ணும் குழந்தை 'ஒவ்வொன்றிலும் அதே எண்ணிக்கை' என்னும் உண்மையைத் தானே கண்டறிகிறது.

5.2 மனிதர் அமைத்த சமகுழுக்கள்

சத்துணவுக்கு வரும் முட்டை அட்டையில் வரிசைக்கு ஆறு வீதம் ஐந்து வரிசைகள். வெற்றிலையைக் கவுளியாகக் கட்டுவர். கவுளிக்கு நூறு என்னும் கணக்கில் நூறாம் வாய்பாடு எளிதில் புரியும். பேருந்தில் ஒரு பக்கம் மூவர் இருக்கையும் மறுபக்கம் இருவர் இருக்கையும் இருக்கும். ஏழு வரிசைக்கு 7 × 3 = 21, 7 × 2 = 14, ஆக 35 பேர். வரிசைக்கு ஐவர் எனக் கொண்டாலும் 7 × 5 = 35. பங்கீட்டுப் பண்பு என்னும் பெயரைப் பின்னர் கேட்கவிருக்கும் குழந்தைக்கு அதன் பொருள் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

திராட்சைப் பந்தல் நிரை-நிரல் அமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டு. கல்தூண்கள் சீரான இடைவெளியில் நடப்பட்டு மேலே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இழுக்கப்பட்டிருக்கும். வரிசைக்கு ஆறு தூண்களாக ஐந்து வரிசைகள் எனின், நீளவாக்கில் நடந்து எண்ணினால் 5 × 6. குறுக்குவாக்கில் நடந்து எண்ணினால் 6 × 5. தூண்கள் இடம்பெயரவில்லை, பார்வை மட்டுமே மாறியது. பெருக்கலில் எண்களின் வரிசை மாறினும் பலன் மாறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5.3 விளையாட்டும் கோலமும்

பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து வீதம் 14 குழிகளுக்கும் இட்டால் 70 காய்கள். ஆட்டம் தொடங்கும் முன் குழிகள் சமகுழுக்கள். முதல் ஆட்டத்திலேயே அச்சமநிலை குலைகிறது. 'இப்போது பெருக்கி மொத்தத்தைச் சொல்ல முடியுமா?' என்னும் வினாவை ஆசிரியர் எழுப்பலாம்.

கோலத்திலும் இவ்வேறுபாடு உண்டு. ஐந்து புள்ளி ஐந்து வரிசையிலான நேர்ப்புள்ளிக் கோலத்தில் 5 × 5 = 25 புள்ளிகள். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்தில் வரிசைதோறும் எண்ணிக்கை மாறும். நடுவரிசை ஏழும் அதன் இருபுறமும் ஆறு, ஐந்து, நான்குமாக மொத்தம் 37. இங்கு வரிசைகளின் எண்ணிக்கையை ஒரே எண்ணால் பெருக்கி விடை காண இயலாது. ஆயினும் மேலும் கீழும் ஒத்த வரிசைகள் இருப்பதால் 7 + (2 × 6) + (2 × 5) + (2 × 4) எனப் பகுதி பகுதியாகப் பெருக்கலாம்.

5.4 சமமல்லாத குழுக்கள்

ஒரு கருத்தைக் கற்பிக்க அதன் எடுத்துக்காட்டுகளோடு எதிர் எடுத்துக்காட்டுகளும் தேவை. வாழைத்தார் இதற்கு ஏற்றது. தாரில் சீப்புகள் உண்டு; சீப்புகளில் பழங்கள் உண்டு. ஆயினும் மேற்சீப்பில் உள்ள அளவு பழங்கள் அடிச்சீப்பில் இருப்பதில்லை. சீப்புகளை எண்ணி ஒரு சீப்பின் பழங்களால் பெருக்கினால் விடை தவறாகும். கூட்டியே கணக்கிட வேண்டும். எப்போது பெருக்கலாம், எப்போது கூடாது எனத் தீர்மானிக்கும் அறிவு இத்தகைய எதிர் எடுத்துக்காட்டுகளால்தான் கூர்மையடைகிறது. 'கூட்டணுமா, பெருக்கணுமா?' என்னும் வினாவிற்கான விடை 'குழுக்கள் சமமா?' என்னும் வினாவில் அடங்கியுள்ளது.

6. கற்பித்தல் படிநிலைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வரும் படிநிலைகளை வகுக்கலாம்.

முதற்படி, சமமாகப் பங்கிடுதல். புளியங்கொட்டைகளைக் கொட்டாங்குச்சிகளில் 'ஒவ்வொன்றிலும் நான்கு' என இடச்செய்தல். இங்கு எழுத்தோ குறியீடோ தேவையில்லை. சமமாக உள்ளனவா எனக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாம் படி, தாவி எண்ணுதல். 4, 8, 12 எனக் குழுக்களைத் தொட்டு எண்ணுதல். விரலிலுள்ள கோடுகளைக் கொண்டு எண்ணும் வீட்டு வழக்கம் இதற்குத் துணையாகும். விரலுக்கு மூன்று பகுதியாக நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. எத்தனையாவது குழுவில் நிற்கிறோம், அதுவரை மொத்தம் எவ்வளவு என்னும் இரு கணக்குகளையும் ஒருங்கே நினைவில் வைப்பதே இப்படியின் அரிய திறன்.

மூன்றாம் படி, கூட்டல் தொடராக எழுதுதல். 4 + 4 + 4 = 12. தொடர் நீளும்போது எழுதுவது சலிப்பூட்டும். ஒன்பது நான்குகளை எழுதச் செய்தால் சுருக்கெழுத்தின் தேவையைக் குழந்தையே உணரும்.

நான்காம் படி, சொல்லாக்கம். 'மூன்று நான்குகள்', 'முந்நான்கு' எனச் சொல்லுதல்.

ஐந்தாம் படி, குறியீடு. 3 × 4 என எழுதி, 'இதில் 3 எதைக் குறிக்கிறது? 4 எதைக் குறிக்கிறது?' என வினவுதல். அதே குறியீட்டிற்குக் குழந்தைகளே கதை சொல்லவும் படம் வரையவும் செய்தல். குறியீட்டிலிருந்து சூழ்நிலைக்குத் திரும்பத் தெரிந்தவரே அதனைப் புரிந்தவர்.

ஆறாம் படி, நிரை-நிரல் அமைப்பு. புள்ளிகளை அடுக்கி, தாளைத் திருப்பி, 3 × 4-உம் 4 × 3-உம் சமம் எனக் காணுதல். இதனால் நினைவில் கொள்ளவேண்டிய வாய்பாட்டு உண்மைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன.

ஏழாம் படி, வாய்பாட்டை உருவாக்குதலும் நினைவிற்கொள்ளுதலும். ஏழெட்டு மறந்துபோனால் ஐயெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, ஆக ஐம்பத்தாறு என வருவிக்கத் தெரிதல் வேண்டும். மனப்பாடம் இப்படியில் இன்றியமையாதது. அது தொடக்கமாக அன்றி முடிவாக வரவேண்டும் என்பதே வேறுபாடு.

7. மாணவர் பிழைகளும் அவை உணர்த்துவனவும்

பிழைகள் மாணவரின் சிந்தனைப் போக்கைக் காட்டும் சான்றுகள். நான்கு வகைப் பிழைகள் இங்குக் கவனத்திற்குரியன.

முதலாவது, மூன்று கூடை, கூடைக்கு நான்கு காய் என்னும் கணக்கிற்கு 3 + 4 = 7 என எழுதுதல். கூடையும் காயும் இங்கு ஒரே வகையாகக் கருதப்பட்டுள்ளன. '7 என்பது கூடையா, காயா?' என்னும் வினா மாணவரைத் தாமே திருத்திக்கொள்ளச் செய்யும்.

இரண்டாவது, 3 × 4-க்கு 4 + 4 + 4 + 4 = 16 என எழுதுதல். 'நான்கை மூன்று முறை கூட்டுக' என்னும் ஆசிரியரின் தொடரே இதற்குக் காரணமாகலாம். ஒரு நான்கை வைத்துக்கொண்டு அதனுடன் மூன்று முறை நான்கைக் கூட்டினால் 16 வருவது இயல்பே. உண்மையில் 4 + 4 + 4 என்பதில் கூட்டல் குறிகள் இரண்டே. ஆகவே 'மூன்று நான்குகளைச் சேர்த்துக் கூட்டுக' என்னும் தொடரே பொருத்தமானது.

மூன்றாவது, படம் வரையும்போது குழுக்களைச் சமமின்றி வரைதல். இம்மாணவருக்கு மீண்டும் முதற்படிப் பயிற்சி தேவை.

நான்காவது, ஒன்று, சுழியம் ஆகியவற்றில் தடுமாறுதல். 1 × 5 என்பதில் கூட்டுவதற்கு ஏதுமில்லை; 0 × 5 என்பதில் எழுதுவதற்கே ஏதுமில்லை. தொடர்கூட்டலை மட்டும் அறிந்த மாணவர் இங்குத் திகைப்பர். 'கூடைக்கு ஐந்து காய். கூடையே இல்லை' எனவும், 'ஐந்து கூடை. ஒன்றிலும் காய் இல்லை' எனவும் சமகுழு மொழியில் கூறினால் 0 × 5, 5 × 0 ஆகிய இரண்டும் தெளிவாகும்.

8. தொடர்கூட்டலின் எல்லை

தொடர்கூட்டலைப் பெருக்கலின் வரையறையாகவே கற்பிக்கலாமா என்பது விவாதத்திற்குரியது. எஃப்ரெய்ம் ஃபிஷ்பைனும் அவருடன் ஆய்ந்தோரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, தொடர்கூட்டல் மாணவர் மனத்தில் உள்ளார்ந்த முன்மாதிரியாக நிலைத்து, பிற்காலத்தில் தசமங்களைப் பெருக்கும் கணக்குகளில் சரியான செயலைத் தெரிவு செய்வதற்கே தடையாகிறது எனச் சுட்டியது. 'பெருக்கினால் எண் பெரிதாகும்' என்னும் தவறான நம்பிக்கை இதனோடு தொடர்புடையது. கணிதவியலாளர் கீத் டெவ்லின் 2008-இல் எழுதிய பத்தியொன்றில் பெருக்கல் என்பது தொடர்கூட்டல் அன்று என வாதிட்டமை ஆசிரியரிடையே பெரும் விவாதத்தை எழுப்பியது.

அரைக்கு அரை கால் என்னும்போது அரையை 'அரை முறை' கூட்டுவது எவ்வாறு? இங்குத் தொடர்கூட்டல் பொருளிழக்கிறது. நிரை-நிரல் அமைப்போ பரப்பளவாக விரிந்து பின்னப் பெருக்கலையும் ஏற்கிறது. ஓர் ஏக்கர் நிலத்தின் நீளத்தில் பாதியும் அகலத்தில் பாதியும் எடுத்தால் கால் ஏக்கர் என்பதைப் பள்ளத்தாக்கின் உழவர் வீட்டுக் குழந்தை எளிதில் உணரும். சமகுழுவின் வீதப் பொருளும் இவ்வாறே விரியக்கூடியது. 'கிலோவுக்கு இவ்வளவு' என்பது அரைக் கிலோவுக்கும் பொருந்தும்.

எனவே தொடர்கூட்டலைத் தவிர்ப்பது தீர்வாகாது. இளங்குழந்தைக்குக் கூட்டலே அறிந்த நிலம். அங்கிருந்தே புதிய நிலத்திற்குச் செல்ல இயலும். தொடர்கூட்டலை விடைகாணும் வழியாகவும், சமகுழுவையும் நிரை-நிரல் அமைப்பையும் பெருக்கலின் பொருளாகவும் கொண்டு கற்பித்தால், மேல்வகுப்புகளில் முன்பு கற்றதை மறக்கச் சொல்லவேண்டிய நிலை எழாது.

9. கல்வித் திட்டச் சூழல்

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-இன் கணிதக் கற்பித்தல் குழு, பேராசிரியர் இரா. இராமானுஜம் தலைமையில் அளித்த நிலைப்பாட்டு அறிக்கையில், குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் நோக்கம் என வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் கற்றல் ஏணியையும் கொண்டு பொருள்களின் வழிக் கற்பதை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என மாணவரின் கற்றல் நிலைக்கேற்பப் பாடப்பொருளை வகைப்படுத்தி, எட்டு வயதிற்குள் அடிப்படை எண்ணறிவையும் எழுத்தறிவையும் உறுதிசெய்ய முனைகிறது.

இத்திட்டங்களின் நோக்கமும் சமகுழு அணுகுமுறையும் ஒத்திசைவன. ஆயினும் மாநிலம் முழுமைக்கும் பொதுவான பயிற்சிநூல், ஒவ்வொரு வட்டாரத்தின் விளைபொருளையும் வழக்குச் சொல்லையும் இடம்பெறச் செய்ய இயலாது. அப்பணி ஆசிரியருடையது. பயிற்சிநூலில் பந்துகளும் பென்சில்களும் இருக்கும் இடத்தில் ஏலக்காயும் முட்டை அட்டையும் வருவதற்குக் கூடுதல் செலவு வேண்டுவதில்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் கல்வியியல் ஆய்வாளர்களும் வட்டாரச் சமகுழுக்களைத் தொகுத்து அளித்தால் ஆசிரியர்களுக்குப் பெருந்துணையாகும். இடுக்கித் தோட்டத்திலிருந்து மாலையில் திரும்பும் பெற்றோரிடம் 'இன்று எத்தனை சாக்கு? சாக்குக்கு எத்தனை கிலோ?' என வினவும் வீட்டுப்பாடம், எழுதப் படிக்க அறியாத பெற்றோரையும் கணித ஆசிரியராக்கும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

• ஒரு கூட்டத்தை ஓர் அலகாகக் கருதும் திறனே பெருக்கலின் அடிப்படை. வாய்பாட்டுக்கு முன் சமகுழு அனுபவம் அமைய வேண்டும்.

• பதினெட்டு-எண்பது போன்ற எண்ணுப்பெயர் இணைகளும் மூவைந்து போன்ற வாய்பாட்டுச் சொற்களும் சமகுழுப் பொருளைத் தம்முள் கொண்டுள்ளன. இவற்றை விரித்தும் சுருக்கியும் பயிற்றுவது தமிழ்வழிக் கற்பித்தலுக்கே உரிய வாய்ப்பு.

• எண்சுவடி மரபின் மனப்பாடம் அளவைகளின் வாழ்வுலகோடு இணைந்திருந்தது. அவ்விணைப்பை மீட்டெடுக்கக் கம்பம் பள்ளத்தாக்கின் ஏலக்காய், திராட்சைப் பந்தல், முட்டை அட்டை, பல்லாங்குழி போன்றன உதவும்.

• வாழைத்தார், ஊடுபுள்ளிக் கோலம் போன்ற சமமல்லாத குழுக்கள், எங்குப் பெருக்கலாம் எனத் தீர்மானிக்கும் அறிவை வளர்க்கும்.

• தொடர்கூட்டல் விடைகாணும் வழி. அதுவே பெருக்கலின் முழுப்பொருள் அன்று. பின்னம், தசமம் ஆகியவற்றுக்குச் செல்லும் பாதையை நிரை-நிரல் அமைப்பு திறந்துவைக்கிறது.

தமிழ்நாட்டின் பிற வட்டாரங்களிலும் நெசவு, உப்பளம், மீன்பிடிப்பு, தீப்பெட்டித் தொழில் எனத் தனித்தனிச் சமகுழு உலகங்கள் உள்ளன. அவற்றைத் தொகுப்பதும், அவற்றின்வழிக் கற்ற மாணவர்கள் வாழ்க்கைக் கணக்குகளை எவ்வாறு அணுகுகின்றனர் என வகுப்பறையில் உற்றறிவதும் மேலாய்வுக்கு உரியன.